ஆல்டாவுக்குக் கிடைத்த தேதி

செப்டம்பர் 8, திங்கள்

தங்கச்சி ஆல்டாவுக்கு வின்னிபெக் நகரத்தில் மூட்டுவாத நிபுணரிடம் தேதி கிடைத்துவிட்டது. இந்த மாதம் இருபத்தைந்து. எனக்கு அடுத்த வருடம் ஜூலை.

மத்தியானம் அவளே போன் பண்ணிச் சொன்னாள். "ரொம்ப நல்லது" என்றேன். சந்தையில் இன்னொரு வியாபாரி எனக்கு முன்னால் நல்ல கன்றுகளை வாரிக்கொண்டு போகும்போது அவனைப் பார்த்துத் தலையாட்டுவேனே, அதே "ரொம்ப நல்லது".

ஒரே தாய் வயிறு. ஒரே வியாதி. உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து மூட்டுகளைத் தின்கிறதாம். ஆகஸ்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேரும் ஊர் கிளினிக்கில் அதே நர்ஸ் கோஷோவ்ஸ்கியிடம் கையை நீட்டினோம். இரத்தப் பரிசோதனையும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் மோசம். அவளுக்காக நர்ஸ் நிபுணருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் 'அவசரம்'.

அவள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். காலையில் விரல் விரியாவிட்டால் மதியம்வரை போர்வைக்குள் கிடக்கலாம். நான் மாட்டு வியாபாரி. அக்டோபர், நவம்பரில்தான் இந்த ஏரிப்பக்கத்துக் கன்றுகள் எல்லாம் விலைக்கு வரும். வருடச் சம்பாத்தியமே அந்த எட்டு வாரம். ஜூலைக்குள் என் கை என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை. சரி.

செப்டம்பர் 9, செவ்வாய்

சந்தை. நூற்றுப் பன்னிரண்டு கன்று. இந்த ஒரு வரியை இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆல்டா காபிக்கு வந்தாள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். டாக்டரிடம் காட்டத் தயார் செய்கிறாளாம். காலையில் கை இறுக்கம் எத்தனை நிமிடம், எந்த விரல், அன்றைக்கு எந்த வேலை முடியவில்லை, எல்லாம் கட்டம் போட்டு மூன்று நிற மையில். போனில் வீங்கிய கையின் படங்கள், சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு முட்டையை வைத்து எடுத்தவை. எதற்கடி முட்டை என்றேன். "அளவு தெரியணுமில்ல" என்றாள். கண்காட்சிக்குக் கன்றைக் குளிப்பாட்டி வால் மயிரைச் சீவிவிடுகிற மாதிரி தன் நோயைச் சீவி வைத்திருக்கிறாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதி வைக்கிறேன், வெட்கம் எதற்கு.

அதைவிட எரிந்தது ஸ்டெய்னியைப் பார்த்து. முப்பத்து நாலு வருடம் என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதன். வீட்டு மாடுகளை அவன் பார்க்கிறான், வெளி வியாபாரம் என்னுடையது. பேச்சு அவனுக்கு அவ்வளவாக வராது. அவன் எழுந்து போய் ஆல்டாவுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான். ஜாம் பாட்டிலைத் திறந்து வைத்தான். போகும்போது அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டான். குளிர்காலத்துக்கு அவளுக்கு விறகு பிளந்துகொண்டிருப்பதும் இவன்தான். விவாகரத்தானவள், தனியாள், பாவம். எல்லாம் சரி.

என் பாட்டில்களை நான் கொட்டகைக்குத் தூக்கிப் போய், குழாய் திருகும் ஸ்பேனரை மாட்டித் திறந்துகொண்டு வருகிறேன். பிப்ரவரியிலிருந்து. யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 17, புதன்

ஊர் கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம், யாராவது வராமல் போனால் அந்த இடத்தை எனக்குத் தள்ளிவிடச் சொன்னேன். தயங்கினாள். பனிக்காலத்துக்கு வீட்டுக்கு மாட்டுக்கறி வேண்டுமா, கால்பங்கு மாடு, வெட்டிக் கட்டி அனுப்புகிறேன் என்றேன்.

"தோராம்மா, இங்க மாட்டுக்கறி வாங்கறதில்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு இரக்கப்பட்டோ என்னவோ, நர்ஸ் வின்னிபெக்குக்கு என்னைப் பற்றி அனுப்பிய கடிதத்தை வாசித்தாள். 'விரல் முட்டிகளை அழுத்தியபோது வலி தென்படவில்லை. பெரிதாகத் தொந்தரவு இல்லை என்று நோயாளியே சொல்கிறார்.'

போனை வைத்தேன்.

எனக்கு நினைவிருக்கிறது. நர்ஸ் முட்டிகளைச் சேர்த்து ஒரு பிடி பிடித்தாள். கண்ணுக்குள் வெள்ளையாக மின்னியது. நான் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பது வருடமாகச் சந்தையின் ஏல வளையத்தைச் சுற்றி உட்கார்ந்து பழகிய முகம். அங்கே புருவம் கொஞ்சம் உயர்ந்தால் பவுண்டுக்கு மூன்று சென்ட் ஏறும். நான் எந்தக் கன்றை விரும்புகிறேன் என்று என் முகத்தைப் பார்த்து ஒருத்தனும் சொன்னது கிடையாது. நர்ஸையும் என்னிடம் ஏதோ விற்க வந்தவள் மாதிரி ஜெயித்து அனுப்பியிருக்கிறேன்.

ஆல்டா கத்தியிருப்பாள். சின்ன வயதில் முள் குத்தினாலே பக்கத்துப் பண்ணைக்குக் கேட்கும். கத்தினவளுக்கு ஆறு வாரம், கத்தாதவளுக்குப் பதினோரு மாதம்.

செப்டம்பர் 18, வியாழன்

நர்ஸிடம் திரும்பப் போய், அன்றைக்கு உண்மையில் வலித்தது என்று சொல்லலாம்தான். ஆனால் அது முடித்த விலையை மறுநாள் போய்க் கலைப்பது போல. அப்படிச் செய்கிறவனோடு இந்தப் பக்கத்தில் யாரும் மறுபடி வியாபாரம் பண்ணமாட்டார்கள். நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

போகமாட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆல்டாவை ஸ்டெய்னி கூட்டிக்கொண்டு போனான். என் வண்டியில். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். கையில் டோனட் பெட்டி. வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மாத்திரை, அது வேலை செய்யும்வரை தாங்குவதற்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு. டாக்டர் டெஸியே ரொம்ப நல்லவராம், அவசரமே படவில்லையாம், நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாராம்.

அவள் என்னிடம் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகணும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நான் டாக்டரிடம் போவதற்கு ஸ்டெய்னி எப்போதாவது வண்டி ஓட்டியிருக்கிறானா? நான் கேட்டதில்லை. கேட்டால்தானா?

அக்டோபர் 1, புதன்

வண்டி இருக்கையில் இன்னும் டோனட் சர்க்கரை.

அக்டோபர் 13, திங்கள்

நன்றி நாள் விருந்து எங்கள் வீட்டில். ஆல்டா வந்து டர்னிப் தோல் சீவினாள், கையாலேயே க்ரீம் கடைந்தாள், பாட்டுப் பாடிக்கொண்டு. பத்து வயது குறைந்து போயிருந்தாள். வான்கோழியை அறுக்கக் கத்தியை நான் எடுப்பேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வருடா வருடம் நான்தான். "இந்த வருஷம் ஆல்டா அறுக்கட்டும், கை புதுசு இல்லையா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

குளியலறை அலமாரியில் அவள் கைப்பை திறந்து கிடந்தது.

ஸ்டீராய்டு மாத்திரை. ஒன்பது எடுத்தேன். இந்த ஊரில் என் சொல்லை நம்பி எடை போடாமல் மாடு ஏற்றிவிடுகிறார்கள். நான் தங்கச்சி பையிலிருந்து மாத்திரை திருடுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் மூன்று விழுங்கினேன். பத்து மணிக்குக் கை பூ மாதிரி விரிந்தது. இருநூற்று நாற்பது கன்று வாங்கினேன். பூட்ஸ் கயிற்றை நானே கட்டினேன், அவிழ்த்துவிட்டு இன்னொருமுறை கட்டினேன்.

மூன்று வாரமாக இதையா அவள் அனுபவித்தாள்? சந்தோஷப்படுவதற்குப் பதிலாக அதை நினைத்துப் பொறாமை. என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 15, புதன்

காலையில் மூன்று. ஹுசாக் கிழவரின் மேய்ச்சல் நிலத்துக்குப் போய் அறுபது கன்றை வாசலிலேயே பேசி முடித்தேன். கை கொடுத்தேன். ஒரு வருடமாக வலது கையில் காபிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு திரிந்து கை கொடுக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து ஆட்டிவிட்டு, "எம் மேல ஏதோ வருத்தம்னு இல்ல நெனச்சேன். போன வருஷமே வேற ஆளுக்கு வித்திருப்பேன், எம் பொண்டாட்டிதான் பொறுத்துக்கன்னா" என்றார். அதைக் கேட்டபோதுதான் எத்தனை வாசலில் எனக்கே தெரியாமல் வியாபாரம் போயிருக்கும் என்று உறைத்தது.

அவர் வாசலில் நிற்கும்போதே போன். வின்னிபெக். டாக்டர் டெஸியேவின் ஆபீஸ்.

"நாளைக்குக் காலைல ஒம்பது நாப்பதுக்கு ஒருத்தர் வரல. உங்களால வர முடியுமா?"

வருகிறேன் என்றேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றாள். இல்லை என்றேன். வாய் தானாகச் சொன்னது, பழக்கம்.

வண்டியில் ஏறிக் கையைப் பார்த்தேன். வீக்கம் வடிந்து, முட்டிகள் நாலும் தனித்தனியாகத் தெரிந்தன. இப்படி ஒரு கை ஒரு வருடமாக எனக்கு இருந்ததில்லை. நாளை டாக்டர் இதைப் பார்த்துவிட்டு, அம்மா நீங்கள் ஜூலையிலேயே வாங்க என்பார்.

விற்பதற்கு முந்தின நாள் மாட்டுக்கு உப்பு வைத்துத் தண்ணீர் குடிக்கவிட்டு எடை காட்டுகிறவனைச் சந்தையில் எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்டவள் நான். இப்போது என் கைக்கு நானே அதைச் செய்திருக்கிறேன். அதுவும் எனக்கே நஷ்டம் வருகிற மாதிரி.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பின்

ஸ்டெய்னியிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை, பொய், நர்ஸ், எல்லாம். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டான். பிறகு நான் கேட்க நினைக்காததை எல்லாம் கேட்டேன். அவளுக்கு வெண்ணெய் தடவுறே, பொத்தான் போடுறே, வண்டி ஓட்டுறே. எனக்கு ஒரு நாள் செஞ்சியா? கண்ணு தெரியலயா ஒனக்கு?

கரண்டியை வைத்தான்.

"அவ கேக்கறா, செய்யறேன். நீ கேக்கமாட்டே. மார்ச்சுல உன் கோட்டுப் பொத்தானத் தொட்டேன், கையத் தட்டிவிட்டே. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது.

அவன் கொட்டகைக்குப் போய்ச் சுவர்க் காலண்டரோடு திரும்பி வந்தான். தீவனக் கடைக்காரன் வருடா வருடம் கொடுப்பது. எந்த எண் பசு என்றைக்கு ஈன்றது, எதற்கு ஊசி, எது சினை நிற்கவில்லை என்று அவன் பென்சிலால் குறிப்பான். பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தான். பிப்ரவரி மூன்று: 'நாற்பத்தேழு, கிடாரி.' அதன் கீழே சின்னதாக 'தோரா, வலது.' பிப்ரவரி ஐந்து: 'தோரா, இரண்டும்.' மார்ச்சில் 'ரப்பர் பூட்ஸ்.' கயிறு கட்ட முடியாத நாள் நான் ரப்பர் பூட்ஸ் போடுவேன். ஜூனில் 'கதவுப் பிடி.' ஸ்பேனர் வேறு ஆணியில் தொங்கிய நாளெல்லாம் ஒரு சின்ன வட்டம். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே, அவன் கடைசியில் கூட்டிப் போட்டிருந்தபடி, நூற்று நாற்பத்தெட்டு நாள் நான்.

"எண்ணினியா?" என்றேன்.

"மாட்டுக்கே எண்ணறேன்" என்றான்.

நான் அழவில்லை. பக்கங்களை மறுபடி பிப்ரவரியிலிருந்து திருப்பினேன்.

ஆல்டாவுக்கு அவன்தான் போன் பண்ணினான். இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள், வீட்டுச் செருப்போடு. மிச்சம் மூன்று மாத்திரையை மேசையில் வைத்து, திருடினேன் என்றேன். அவள் அதை எடுத்து எண்ணிப் பார்த்தாள், டீச்சர் இல்லையா.

"கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டேன். ஒருத்தர் மாத்திரைய ஒருத்தர் திங்கறதாடி? ஆனா நீ கேட்டிருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். பொறந்ததுலேர்ந்து எங்கிட்ட நீ ஒண்ணு கேட்டதில்ல."

நாளைய இடம் எப்படி வந்தது என்றும் அப்போதுதான் தெரிந்தது. செப்டம்பர் இருபத்தைந்து அன்று அவள் டாக்டரிடம் முதலில் பேசியது என்னைப் பற்றி. தன்னைவிட மோசமாக அக்கா ஒருத்தி இருக்கிறாள், கை கொடுப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது, ஆனால் வாயைத் திறக்கமாட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் ஊர் நர்ஸைக் கூப்பிட்டுப் பேசி, யாராவது வராமல் போனால் என்று என் பேரை எழுதி வைத்தாராம். அன்றைக்கு அவள் சொல்ல வாயெடுத்தது அதுதான். நான் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

"அப்பா சாகறவரைக்கும் சொல்வார், தோரா அழவே மாட்டா, ஆல்டா அழுமூஞ்சின்னு. அம்பது வருஷமா உன்னப் பாத்து எனக்கு எப்படி எரியும் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் எரிகிறேன் என்று இருந்தேன்.

பிறகு ஒத்திகை. அவள் டாக்டராம். முட்டியை அழுத்துவாளாம், நான் கத்த வேண்டுமாம். அழுத்தினாள். நான் "ஆ" என்றேன்.

"அது கத்தலா? கோழிக்கூட்டுக் கதவு மாதிரி இருக்கு."

மூன்று முறை செய்தோம். மூன்றாவது தடவை ஸ்டெய்னி, "எனக்கே வலிக்குது, விடுங்க ரெண்டு பேரும்" என்று காலண்டரைச் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டினான்.

அக்டோபர் 16, வியாழன்

மாத்திரை போடவில்லை. ஸ்டெய்னி ஓட்டினான். ஆல்டா பின்னால். நான் முன்னால், மடியில் காலண்டர்.

டாக்டர் டெஸியே சின்ன உருவம், நரைத்த குட்டை முடி. நான் உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்னால், நேற்று உங்கள் ஆபீஸில் பொய் சொன்னேன், இரண்டு நாள் தங்கச்சியின் ஸ்டீராய்டு எடுத்தேன், அதனால் இந்தக் கை இன்றைக்குப் பார்க்கிற மாதிரி இல்லை என்றேன். அவர் பேனாவை எடுத்தார். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் கை திறந்தது என்று கேட்டு எழுதினார். அப்படித் திறந்ததும் நோய்க்கு ஒரு சாட்சிதான், ஆனால் இனிமேல் செய்யாதீர்கள் என்றார்.

காலண்டரை விரித்தேன். நெடுநேரம் பார்த்தார். "இந்த நாப்பத்தேழுக்கு ரெண்டு தடவ ஊசி போட்டிருக்கே, அது யாரு?"

"பசு" என்றேன். "நான் அதுக்குக் கீழ."

பிறகு கையை வாங்கி, முட்டிகளைச் சேர்த்துப் பிடித்தார். வெள்ளை மின்னல். முகம் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது, எனக்கே தெரிந்தது. ஒத்திகை பார்த்த கத்தல் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், குனிந்து எழுதப் போனார்.

"என் மூஞ்சப் பாத்து வெல போடாதீங்க டாக்டர்" என்றேன். "வலிக்குது. ரொம்ப வலிக்குது. போன வருஷத்துலேர்ந்து."

பேனா நின்றது. மறுபடி ஆரம்பிப்போம் என்றார். ஒவ்வொரு மூட்டாகத் தொட்டார், ஒவ்வொன்றுக்கும் வாயால் சொன்னேன். இருபத்தெட்டு மூட்டில் பத்தொன்பது வலித்தது. அப்படிச் சொல்லிக்கொண்டே போவது எனக்குத் துணி அவிழ்ப்பது போல இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கையில் இரண்டு எலும்பின் ஓரம் எலி கடித்த மாதிரி. அது திரும்பி வராது. மற்றதைக் காப்பாற்றலாம் என்கிறார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்த இரண்டும் இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்கலாம் என்றார். ஏமாற்றாமல் சொன்னதற்கு அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆல்டாவுக்குக் கொடுத்த அதே மாத்திரை. வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. எனக்கென்று எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு, எண்ணி.

திரும்பும் வழியில் இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தோம். அவள் எக்ஸ்ரேயில் கடி ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதும் சுருக்கென்றது. இன்னும்.

நவம்பர் 4, செவ்வாய்

மாத்திரைக்கு மறுநாள் காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி அசதி. காபியே குமட்டுகிறது. ஆனால் இன்று சந்தையில் பேனா நழுவவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஹுசாக்கின் அண்ணன் கூப்பிட்டார். தொண்ணூறு கன்று. கையில் என்னம்மா என்றார். சொன்னேன். எல்லாவற்றையும். அவர் தன் மருமகளுக்கும் இதே என்றார். விலையில் ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை, கிழவர்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆல்டாவுக்குச் சந்தைக்கு வர வேண்டுமாம். வீட்டில் உட்கார்ந்து அலுத்துவிட்டதாம். கன்றுகளின் காதுப் பட்டை எண்ணை எழுதுவது, தாள்களைப் பார்ப்பது, அதெல்லாம் என் விரலுக்கு இனிமேல் ஆகாது, அவள் எழுத்து அச்சுப் போல. வா என்றேன். சம்பளம் என்ன என்றாள். பார்த்துத் தருகிறேன் என்றேன். "அப்படிச் சொல்லித்தானே ஊரையே வாங்கி வெச்சிருக்கே, தொகையச் சொல்லு" என்றாள். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினோம். ஸ்டெய்னி இரண்டு தடவை காபி போட்டான்.

பணத்தில் அல்ல தகராறு, கிழமையில். மாத்திரையை வெள்ளிக்கிழமை போட்டால் சனி முழுக்கப் படுத்திருந்து ஞாயிறு எழுந்துவிடலாம். அதனால் இரண்டு பேருக்குமே வெள்ளிதான் வேண்டும். ஆனால் சனிக்கிழமை அவளும் இங்கேயே வந்து இரண்டு சோபாவிலும் ஆளுக்கொருத்தி கிடந்தால் தான் மாட்டுக் கொட்டகைக்குக் குடிபோய்விடுவதாக ஸ்டெய்னி சொன்னான். ஒருத்தி விழும்போது இன்னொருத்தி நிற்க வேண்டும். நான் மூத்தவள் என்றேன். நான் முதலில் ஆரம்பித்தவள் என்றாள். நல்ல கிழமை அவளுக்கே போகிறது என்று எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை, ஆனால் விட்டுக்கொடுத்தேன்.

முடிந்தது இது: கன்று ஒன்றுக்கு ஒரு டாலர். செவ்வாய் மதியச் சாப்பாடு என் செலவு. ஏலம் நடக்கும்போது அவள் வாயைத் திறக்கக் கூடாது, வெளியே வந்ததும் நான் மூடக் கூடாது. வெள்ளிக்கிழமை அவளுக்கு, சனிக்கிழமை எனக்கு. ஸ்டெய்னியின் சூப் சனியன்று அவளுக்கு, ஞாயிறன்று எனக்கு.